மறு: ஷேர்டு வேல்யூஸ் – ‘பகிர்ந்த விழுமியங்கள்’ போதுமா?

எல்லோருக்கும் வணக்கம்.

ஓர் அணியில் எல்லோரும் விட்டுக்கொடுக்காமல் காக்கிறவற்றை ஆங்கிலத்தில் ‘ஷேர்டு வேல்யூஸ்’ என்கிறார்கள். நம் கலைச்சொல் பட்டியலில் அதைப் ‘பகிர்ந்த விழுமியங்கள்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு ஏறக்குறைய முடிந்துவிட்டது. கொஞ்சம் பொறுங்கள்.

ஆற்காட்டு மக்கன்பேடா இனிப்பை நாலு பேர் பகிர்ந்தால் ஆளுக்குக் கொஞ்சம் கிடைக்கும், டப்பா காலியாகும். விழுமியம் அப்படிக் கூறு போடுகிற பண்டமா? ஒவ்வொருவரிடமும் முழுசாக இருக்க வேண்டியது அல்லவா? அதற்குப் ‘பொது’ என்ற சொல் கைவசம் இருக்கிறது. பொதுச்சுவர், பொதுக்கிணறு போலப் பொது விழுமியம். ஆங்கிலத்திலும் முதல் சொல் நிலைக்கவில்லை. 1980இல் வாட்டர்மேன், பீட்டர்ஸ், பிலிப்ஸ் மூவரும், ஒரு நிறுவனத்தை ‘எஸ்’ எழுத்தில் தொடங்கும் ஏழு கூறுகளாகப் பார்க்கும் ஏழு ‘எஸ்’ சட்டகத்தை எழுதியபோது நடுவில் இருந்தது ‘சூப்பர்ஆர்டினேட் கோல்ஸ்’, அதாவது எல்லாவற்றுக்கும் மேலான இலக்குகள். ‘ஷேர்டு வேல்யூஸ்’ பிறகு வந்ததுதான்.

‘விழுமியம்’ கடினம், ‘மதிப்பு’ போதும் என்றவர்களுக்கு என் கதை. ஆம்பூர் பக்கம் ஷூ அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைக்கும் சின்ன யூனிட் ஒன்றுக்குப் பயிற்சிக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். தலைப்பு, ‘நம் மதிப்புகள் என்ன?’ கட்டிங் மேஸ்திரி படித்துவிட்டு, “ஜோடிக்கு எவ்வளவுன்னா கேக்கறீங்க?” என்றார். தப்பு என்னுடையதுதான். (‘விழுமம்’ என்றால் சிறப்பு மட்டுமல்ல, துன்பமும்தானே என்று யாரோ கேட்டிருந்தார்கள். ஆமாம், குறளிலேயே ‘விழுமம் துடைத்தவர் நட்பு’ வருகிறது. ஆடிட் வாரத்தில் இரண்டு பொருளும் பொருந்தும்.)

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. வேலையில் எதை விட்டுக்கொடுக்க மாட்டீர்கள் என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதச் சொன்னேன். பெரும்பாலும் ‘தரம்’ என்றே வந்தது. ஆகா, எல்லோரும் ஒரே பக்கம் என்று சீட்டுகளை மடித்துவிட்டேன். சும்மா இராமல், தரம் என்றால் என்ன என்று கேட்டுவைத்தேன். தோலில் உள்ள உண்ணி கடித்த தடம் துண்டில் விழாமல், இடதுகாலும் வலதுகாலும் நிறம் ஒத்து வருகிற மாதிரி வெட்டுவது என்றார் மேஸ்திரி. பிரித்துத் தைக்கிற வேலை வராமல் இருப்பது என்றார் தையல் லைன் அக்கா. டிஸ்பாட்ச் தம்பிக்கு, சொன்ன தேதியில் கன்டெய்னர் சென்னைத் துறைமுகம் போய்ச் சேருவது. ஏற்றுமதிக்கு முந்தின நாள் நிறத்தில் சந்தேகம் வந்தால் ஒருவர் நிறுத்து என்பார், ஒருவர் அனுப்பு என்பார். இரண்டு பேரும் தரத்தைத்தான் காப்பாற்றுகிறார்கள்!

அதனால் இரண்டு செயலுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும் என்கிறேன். அவரவர் எதை மனதில் வைத்துச் சொல்கிறார் என்று கண்டுகொள்வது ‘விழுமியம் தெளிதல்’. அதன் பிறகு அவற்றைப் பொருந்த வைப்பது ‘விழுமிய இசைவு’. ஆங்கிலத்து ‘அலைன்மென்ட்’டை அப்படியே ‘நேர்ப்படுத்தல்’ என்றால் லாரிச் சக்கரத்துக்குச் சரி. ‘ஒப்புரவு’ எனக்கு ரொம்பப் பிடித்த சொல், ஆனால் தேவாலயத்தில் அது பாவமன்னிப்பு என்கிற வேறு பொருளில் ஊன்றிவிட்டது.

காட்பாடியிலிருந்து

*

> பொது விழுமியம்... விழுமிய இசைவு

தம்பி, ‘பொது’ என்றதும் பொதுத்துறை, பொதுமக்கள் என்றுதான் மனம் ஓடும். இன்னொன்று, தோல் ஊர்க்காரர் நீங்கள் ‘இசைவு’ என்கிறீர்களே! ஆலை நடத்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தருகிற இசைவாணை ஞாபகம் வரவில்லையா? அனுமதி கொடுப்பது வேறு, ஒத்துப்போவது வேறு.

மதுரையிலிருந்து

*

ஐயா, வசமாக மாட்டிக்கொண்டேன். இங்கே பதனிடும் ஷாப்பில் ‘விழுமிய இசைவு’ என்று எழுதி ஒட்டினால், புதுப்பிக்க எப்போது கடைசித் தேதி என்று கேட்பார்கள். ‘ஒத்திசைவு’ என்று மாற்றிக்கொள்கிறேன். அதில் அனுமதி வாடை இல்லை, இன்னொருவரோடு சேர்ந்து நடப்பதும் சொல்லிலேயே இருக்கிறது. ஆக, விழுமிய ஒத்திசைவு.

‘பொது’வை மட்டும் விடுவதாக இல்லை. தனியே நின்றால் நீங்கள் சொல்கிற குழப்பம் வரும். ‘அணியின் பொது விழுமியங்கள்’ என்று முன்னால் ஆளைச் சொல்லிவிட்டால் யாரும் பொதுத்துறையை நினைக்க மாட்டார்கள். நம் குழுவின் யாழ்ப்பாணத்து அக்கா என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டுப் பட்டியலில் ஏற்றலாமா?