.30-06 துவக்கில் பிளாஸ்ரிக் உறை போட்ட சன்னம்: மானுக்கும் பன்றிக்கும் சரிவருமா?

நெடுங்கேணிப் பெடியன்:

வணக்கம். கனடாவின் அல்பேர்ட்டாவில் இருக்கும் மச்சானுக்குப் பழைய ரவைப் பெட்டி ஒன்று கிடைத்திருக்கிறது. ரெமிங்ரன் கொம்பனியின் அக்சலரேற்றர், .30-06 துவக்குக்கானது. கோது வழமையானதுதான். ஆனால் வாயில் மெல்லிய சன்னம், அதைச் சுற்றிப் பிளாஸ்ரிக் உறை. செக்கனுக்கு 4,080 அடி போகுமாம். இதால் மான் அடிக்கலாமா என்று கேட்கிறார்.

எனக்கு வேறு யோசனை. கச்சான் தோட்டத்தைப் பன்றி திரும்பவும் உழுதுவிட்டது. அப்புவின் 12 போர் சிதறுகுண்டுத் துவக்கு அனுமதிப்பத்திரத்தோடு வீட்டில் இருக்கிறது. அதற்கும் இப்படி உறை போட்ட குண்டு வருகிறதாமே, பெரிய ஈயக் குண்டுகள் பல அடைத்த எஸ்.ஜி. தோட்டாவை விட நல்லதா?

முள்ளியவளையான்:

தம்பி, நான் அல்பேர்ட்டாவில் பண்ணை வேலை செய்த காலத்தில் இந்த ரவையைச் சுட்டிருக்கிறேன். மானுக்கு வேண்டவே வேண்டாம் என்று மச்சானிடம் சொல்லும்.

அந்த உறைக்குச் சபோ என்று பேர். உள்ளே இருப்பது .224 அங்குலத் தடிப்புள்ள 55 கிரெயின் (சன்னத்தின் நிறையை அளக்கும் அலகு) சன்னம். .30-06 குழலோ .308 அங்குலம். அந்த இடைவெளியைப் பிளாஸ்ரிக் நிரப்புகிறது, சன்னத்தைச் சுழற்றுவதற்காகக் குழலுக்குள் வெட்டிய முறுக்கு வரியையும் அதுதான் பிடிக்கிறது. பாரம் குறைந்ததால் வேகம் எகிறுகிறது. அதே சன்னத்தை .223 துவக்கு 3,240 அடியில்தான் விடும். குழலின் முறுக்கு பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால், சன்னம் நிமிடத்துக்கு மூன்று இலட்சத்துக்குச் சற்றுக் குறைவாகச் சுழலும்.

1977இல் இதை விற்கத் தொடங்கியது சின்ன உயிர்களுக்காக. மான் துவக்கு ஒன்றை மட்டும் வைத்திருப்பவன் அதாலேயே கோபர் என்கிற தரை அணிலையும், கொயோட்டி என்கிற சிறு ஓநாயையும் சுடட்டும் என்பதுதான் எண்ணம். அங்கே கோபர் தோண்டும் பொந்தில் மாடு கால் வைத்து முறித்துக்கொள்ளும், அதனால் பண்ணைக்காரருக்குத் தேவை இருந்தது. மெல்லிய சன்னம் பட்ட உடனே சிதறிவிடும். மானின் தோளில் பட்டால் மேலே பெரிய காயம், உள்ளே ஆழம் போகாது. அது ஓடிப்போய்ப் பற்றைக்குள் கிடந்து சாகும். 150 கிரெயின் சன்னம் 2,900 அடியில் போனாலும் வேலையை அதுதான் முடிக்கும்.

குறியும் அவ்வளவு நேர்த்தி இல்லை. என் துவக்கில் வழமையான ரவை 100 யார் தூரத்தில் ஒன்றரை அங்குலத்துக்குள் விழும். இது மூன்று, நான்கு என்று பரந்தது, விழுந்ததும் வேறு இடத்தில். உறை குழல்வாயைத் தாண்டியதும் கழர வேண்டும், எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில். உறையின் ஒரு இதழ் பிந்தினாலும் சன்னம் கோணும். சுட்ட பிறகு முன்னால் புல்லுக்குள் தேடினால் பூசணிப்பூ மாதிரி விரிந்து கிடக்கும்.

குழல் முனையில் உதைப்பைக் குறைக்கும் பிரேக் பூட்டியிருந்தால் சுடவே கூடாது, உறை அதில் முட்டும். குழலுக்குள் பிளாஸ்ரிக் படியும், தேய்த்து எடுக்க வேண்டும்.

இனி உமது 12 போர். சபோ குண்டு வரி போட்ட குழலுக்கானது. அப்புவின் குழல் வழுவழுப்பாக இருக்குமே? சுழற்சி இல்லாமல் குண்டு குட்டிக்கரணம் போடும். வழுவழுப்பான குழலுக்கென்றே ஜெர்மனியின் பிரெனெக்கே குண்டு 1898இலிருந்து இருக்கிறது. முன்பக்கம் பாரம், பின்பக்கம் இலேசு என்பதால் சுழலாமலே நேராகப் போகும். ஆனால் தனிக்குண்டு எதுவானாலும் நெடுந்தூரம் போகும். எங்கள் தோட்டங்களில் வரம்புக்கு வரம்பு காவல் கொட்டில், உள்ளே ஆள் படுத்திருக்கும்.

மல்லாவி வாசன்:

அண்ணை சொன்னது சரி. எஸ்.ஜி. போதும், கிட்ட வரவிட்டுச் சுட வேண்டும். அனுமதிப்பத்திரம் அப்புவின் பேரில் என்றால் நீர் துவக்கைத் தூக்க முதல் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) விசாரியும். வருடாவருடம் புதுப்பிக்கவும் வேண்டும்.

நெடுங்கேணிப் பெடியன்:

அப்புவுக்குக் கண் மங்கல், அதுதான் யோசித்தேன். விசாரிக்கிறேன். மச்சான் பெட்டியை என்ன செய்யட்டும்?

முள்ளியவளையான்:

உற்பத்தி எப்போதோ நின்றுவிட்டது. பெட்டி கிழியாமல் இருந்தால் சேர்ப்பவர்கள் நல்ல விலைக்கு வாங்குவார்கள். கோபர் சுட ஆசையென்றால் அந்தக் காசோடு கொஞ்சம் போட்டு .223 ஒன்று எடுக்கச் சொல்லும். அது சரி, பன்றி எந்தப் பக்கத்தால் இறங்குகிறது? காட்டுப் பக்கமா, வாய்க்கால் பக்கமா? அதைச் சொன்னால் வேலி பற்றிப் பேசலாம்.