கல்முனையா, கல்லடியா? ஊர் எந்தக் கட்சிப் பக்கம் என்று பார்த்து வீடு கட்டலாமா?

தோகா_தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். தோகா வேலையை முடித்துக்கொண்டு அடுத்த வருடம் இலங்கைக்கு, ஊருக்கே வந்துவிடலாம் என்று இருக்கிறேன். வீடு கட்ட வேண்டும், எங்கே என்பதில்தான் சண்டை. நம்ம பக்கத்து வழக்கப்படி பெண்சாதிக்கு அவவின் வீட்டார் கல்முனைக்குப் பக்கத்தில், அம்பாறை மாவட்டத்துப் பாண்டிருப்பில் ஒரு வளவு கொடுத்திருக்கிறார்கள், கிணறும் நாலு தென்னையும் நிற்கிறது, சும்மா கிடக்கிறது. இல்லையென்றால் மட்டக்களப்பு டவுனுக்குக் கிட்ட கல்லடியில் ஒரு துண்டு வாங்கலாம், விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது.

இதற்குள் பெரிய மச்சான் புகுந்துவிட்டார். அவர் அமெரிக்காவில், கலிபோர்னியா அரசியல் தனக்கு ஒத்துவராது என்று குடும்பத்தோடு டெக்ஸாஸுக்குக் குடிபெயர்ந்த ஆள். "இருக்கிற இடத்தின் அரசியலைப் பார்த்துத்தான் குடியேற வேண்டும், கல்முனையில் நம்ம தமிழ் ஆட்களின் பேச்சு எடுபடாது, மட்டக்களப்புக்குப் போ, 2024 பாராளுமன்றத் தேர்தலில் நாடு முழுக்கத் திசைகாட்டி (தேசிய மக்கள் சக்தி) வென்றபோதும் வீட்டுச் சின்னம் (தமிழரசுக் கட்சி) முந்திய ஒரே மாவட்டம் அதுதான்" என்கிறார். எனக்கோ மனம் திசைகாட்டிப் பக்கம், வெளிநாட்டில் இருந்ததால் போடத்தான் கிடைக்கவில்லை. மச்சானின் கணக்கை அப்படியே வைத்தால் நான் அம்பாறை மாவட்டத்துக்கல்லவா போக வேண்டும், திகாமடுல்ல என்ற அந்தத் தேர்தல் மாவட்டத்தில் ஏழில் நாலு ஆசனம் திசைகாட்டிக்கு! பகிடியை விடுங்கள். பிள்ளைகள் இரண்டு, மூத்தவள் ஏழாம் ஆண்டு. இதையெல்லாம் யாராவது உண்மையில் பார்த்து முடிவெடுத்திருக்கிறீர்களா?

பழைய_கந்தோர்:
தம்பி, மச்சான் சொல்வது அவர் இருக்கிற நாட்டுக்குச் சரி. அங்கே மாநிலத்துக்கு மாநிலம் சட்டமே வேறு. டெக்ஸாஸில் மாநில வருமான வரி கிடையாது, கலிபோர்னியாவில் நல்லாய்ப் பிடிப்பார்கள். கருக்கலைப்பு விசயத்தை 2022 இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களின் கையில் விட்ட பிறகு, எல்லையைத் தாண்டினால் சட்டம் மாறுகிறது. துப்பாக்கி, பள்ளிக்கூடத்தில் எதைப் படிப்பிக்கலாம் என்பது வரைக்கும் அப்படித்தான். ஆகவே கட்சியைப் பார்த்து வீடு மாற்றுகிறவனுக்குக் கையில் ஏதாவது கிடைக்கிறது.

இங்கே என்ன கிடைக்கும்? பதின்மூன்றாம் திருத்தத்தில் வந்த மாகாண சபைக்குக் காணி, பொலிஸ் அதிகாரம் கடைசி வரை சரியாகக் கைக்கு வரவில்லை, கிழக்கு மாகாண சபையோ 2017 செப்டெம்பரில் காலம் முடிந்து கலைந்தது, அதற்குப் பிறகு தேர்தலே இல்லாமல் ஆளுநர்தான் நடத்தினார். கல்லடியில் இருந்தாலும் பாண்டிருப்பில் இருந்தாலும் வரி ஒன்று, சட்டம் ஒன்று, பாடப் புத்தகமும் ஒன்று. மாவட்ட முடிவை வைத்து ஊரை எடை போடுவது அதைவிடப் பிழை. திகாமடுல்ல என்பது அம்பாறை, சம்மாந்துறை, கல்முனை, பொத்துவில் நாலையும் கூட்டிய கணக்கு. அம்பாறைத் தொகுதிச் சிங்கள வாக்கை வைத்துப் பாண்டிருப்பில் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் யாருக்குப் போட்டார் என்று சொல்ல முடியாது.

நான் பார்க்கச் சொல்வது, வளவு எந்தப் பிரதேச செயலகத்துக்குக் கீழ், எந்தச் சபைக்குக் கீழ், அந்த எல்லையில் வழக்கு வம்பு இருக்கிறதா என்பதை. கட்சி ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாறும், எல்லைத் தகராறு பேரப்பிள்ளை காலத்துக்கும் இருக்கும். பாண்டிருப்பு வருவது கல்முனை வடக்கில். அது முப்பது வருடத்துக்கு மேலாக உப செயலகம் என்ற பெயரோடு கிடக்கிறது, முழுப் பிரதேச செயலகமாகத் தரம் உயர்த்தக் கேட்டு 2019 இல் சாகும் வரை உண்ணாவிரதம் இருந்தார்கள், இன்னும் இழுபறி. காணிக் காரியம் என்றால் வடக்கு உப செயலகம், கல்முனைப் பிரதேச செயலகம் என்று இரண்டு கந்தோருக்கும் நடக்க வைப்பார்கள், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

மருதமுனையான்:
உங்கட வளவுக்கு அடுத்த முஸ்லிம் ஊர்க்காரன் நான், அதனால் சொல்லலாம். 2023 மார்ச்சில் கல்முனை மாநகர சபையின் காலம் முடிந்தது. 2025 மே 6 இல் நாடெல்லாம் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது, கல்முனைக்கு மட்டும் வழக்கால் நடக்கவில்லை. அதாவது குப்பை எடுக்கவில்லை என்று பிடித்துக் கேட்க எங்களுக்கு வட்டார உறுப்பினரே இல்லை, நீங்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும் ஆணையாளருக்குத்தான் கடிதம் எழுத வேண்டும். இதே மாநகர சபைக்குள் இருக்கிற சாய்ந்தமருது ஆட்கள் தனிச் சபை கேட்டார்கள், 2018 இல் கட்சிகளைத் தள்ளி வைத்துவிட்டுச் சுயேச்சைக் குழுவுக்கு அள்ளிப் போட்டார்கள், 2020 பெப்ரவரியில் வர்த்தமானியும் வந்தது, சில நாளில் அதை அப்படியே நிறுத்திவிட்டார்கள். ஆக, தமிழருக்கு மட்டும்தான் இங்கே பேச்சு எடுபடவில்லை என்று மச்சான் நினைத்தால் எங்களையும் ஒருக்கா விசாரிக்கச் சொல்லுங்கள்.

2024 நவம்பர் வெள்ளத்தில் மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தோடு மதரசாப் பிள்ளைகள் அடிபட்டுப் போனது ஞாபகம் இருக்கும். அந்த வீதியில் மழைக்கு மழை தண்ணீர் பாய்வது எல்லாக் கட்சிக்கும் தெரியும், எல்லாக் கட்சிக்காரரும் அதால்தான் அம்பாறைக்குப் போய் வருகிறார்கள்.

திருக்கோவில்_பிள்ளை:
எல்லாரும் இப்படி யோசித்து யோசித்துத்தான் கல்லடிக்கும் மட்டக்களப்பு டவுனுக்கும் ஓடுகிறீர்கள், பிறகு அம்பாறையில் தமிழருக்கு ஆளில்லை என்று முகநூலில் அழுகிறீர்கள். 2012 கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தில் நாங்கள் ஏறக்குறைய 17 வீதம். 2020 இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குப் பாதி, கருணா அம்மானுக்குப் பாதி என்று வாக்கு உடைந்து, ஏழு ஆசனத்தில் தமிழன் ஒருவன்கூட இல்லை, தேசியப் பட்டியலால்தான் ஒருவரை அனுப்பினார்கள். 2024 இல் ஒன்று மீண்டது. உங்கள் வீட்டில் இரண்டு வாக்கு, நாளைக்குப் பிள்ளைகளோடு நாலு. கல்லடியில் போய்ப் பதிந்தால் அங்கே அது கடலில் கரைத்த பெருங்காயம். வாக்காளர் இடாப்பில் பெயர் எங்கே விழுகிறது என்பதும் அரசியல்தான் அண்ணன், நீங்கள் திசைகாட்டிக்கே போட்டாலும் பரவாயில்லை, இங்கே இருந்து போடுங்கள்.

பாலத்தடி_அக்கா:
தம்பி திருக்கோவில், கோபம் விளங்குகிறது, ஆனால் ஓடினவர்கள் சும்மா ஓடவில்லை. நாங்கள் கல்முனைப் பக்கத்தில் இருந்து 90 சண்டையில் வெளிக்கிட்ட குடும்பம். அம்மா இன்றைக்கும் "அங்க அரசியல் சரியில்ல" என்றால் எந்தக் கட்சி வென்றது என்று அர்த்தம் இல்லை, இரவில் பிரச்சினை வந்தால் எந்தப் பக்கத்தால் ஓடலாம் என்ற கணக்கு. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு அந்தப் பயம் மறுகா ஒருதரம் எல்லா வீட்டிலும் எட்டிப் பார்த்தது, முஸ்லிம் வீடுகளிலும்தான். கல்முனை டவுனில் கிட்டக்கிட்ட இரண்டு ஆதார வைத்தியசாலை, கல்முனை வடக்கு ஒன்று, அஷ்ரப் ஞாபகார்த்தம் ஒன்று. காய்ச்சலுக்கு மருந்தெடுக்கப் போகிறவர் எதற்குள் நுழைவார் என்று தமிழரா முஸ்லிமா என்று ஆளைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

நான் கல்லடியில்தான் இருக்கிறேன், நிம்மதி. மகளுக்கு விவேகானந்தா பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரம். ஆனால் அது கட்சியால் வந்த நிம்மதி இல்லை, சுற்றிச் சொந்தக்காரர் இருப்பதால் வந்தது. இந்த ஒழுங்கையில் வீட்டுக்கும் போட்டிருக்கிறார்கள், படகுக்கும் (பிள்ளையானின் கட்சி) போட்டிருக்கிறார்கள், திசைகாட்டிக்கும் போட்டிருக்கிறார்கள், கோயில் திருவிழாவில் எல்லாரும் ஒரே பந்தியில்தான். உங்களுக்குச் சொந்தம் பாண்டிருப்பில் என்றால் நான் வளவை விடமாட்டேன். மகளுக்குக் கார்மேல் பாத்திமாவில் இடம் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள், ஏழாம் ஆண்டில் சேர்ப்பது லேசில்லை.

தோகா_தம்பி:
எல்லாருக்கும் நன்றி. பெண்சாதிக்கு வாசித்துக் காட்டினேன், "இதைத்தானே நானும் சொன்னேன்" என்கிறா. மச்சானுக்கு இணைப்பை அனுப்பியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. பழைய கந்தோர் ஐயா, ஒரு விசயம்: வளவுக்கு மாமாவின் பெயரில் உறுதிப் பத்திரம் இருக்கிறது, ஆனால் பின்பக்கத்துத் துண்டு பேமிட் (அரச காணி அனுமதிப்பத்திரம்) என்கிறார்கள். கட்டலாமா?

பழைய_கந்தோர்:
உறுதித் துண்டுக்குள் கட்டுங்கள், அதுவும் மாமா மகளின் பெயருக்கு நொத்தாரிசிடம் எழுதிக் காணிப் பதிவகத்தில் பதிந்த பிறகு. பேமிட் துண்டில் அத்திவாரம் வெட்ட வேண்டாம், பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் அதைக் கைமாற்ற ஏலாது. பேமிட் யார் பெயரில், பின்னுரித்தாளி (அடுத்து உரிமை பெறுகிறவர்) போட்டிருக்கிறதா என்று பாருங்கள். நில அளவைப் படம் பழையதென்றால் ஒரு சேர்வேயரைக் கொண்டு எல்லைக் கல்லைத் திரும்பப் போடுங்கள், நீங்கள் விடுமுறையில் வந்து நிற்கிற நேரத்திலேயே, பக்கத்து வளவுக்காரரையும் கூட வைத்துக்கொண்டு.