எண்ணூர் ஆற்றில் தண்ணீர் மாதிரி எடுத்த அனுபவம்: நீங்களும் சொல்லுங்கள்

நானே தொடங்கி வைக்கிறேன்.

எண்ணூரில் தண்ணீர் எடுப்பது என்றால் பத்து மணிக்கு வண்டியில் வந்து இறங்கி, பாலத்தடியில் பாட்டிலை நிரப்பி, சாப்பாட்டு நேரத்துக்குள் ஆய்வகம் திரும்புவது என்றுதான் எங்களுக்குப் பழக்கம். காட்டுக்குப்பத்து அண்ணன் ஒருவரிடம் ஃபைபர் படகு பேசும்போதும் அதே நேரத்தைத்தான் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "உச்சி வெயில்ல வந்தா ஆறு நல்லாதான் கீதும்மா. மெய்யாவே இன்னா நெலமைன்னு பாக்கணும்னா விடியறதுக்கு முன்ன வா. வத்தத்துல வா. மீனெல்லாம் வாயைத் தூக்கிக்கினு நிக்கும்."

அவர் சொன்னதில் இரண்டு சங்கதி இருக்கிறது. பகலில் தண்ணீரிலுள்ள பாசி வெயிலை வாங்கி ஆக்சிஜனை வெளியே விடும். பச்சையாகக் கிடக்கும் தண்ணீரில் பிற்பகல் அளவு சுத்தமான தண்ணீரையே மிஞ்சும். இருட்டியதும் அதே பாசி, பாக்டீரியா, மீன் எல்லாம் சேர்ந்து அதை இழுத்துக்கொள்ளும். ஆகவே விடியலுக்குச் சற்று முன்தான் ஆக்சிஜன் அடிமட்டம். இன்னொன்று ஏற்றவற்றம். ஏத்தத்தில் முகத்துவாரம் வழியாகக் கடல்தண்ணீர் உள்ளே வரும். வத்தத்தில் பக்கிங்ஹாம் கால்வாயின் சாக்கடையும் கொசஸ்தலையாற்றுத் தண்ணீரும் வெளியே போகும். ஏத்தத்தில் எடுத்தால் நாம் அளப்பது பெரும்பாலும் வங்கக்கடலைத்தான்!

கருக்கலில் கிளம்பினோம். மின்நிலைய விளக்கு வெளிச்சமே போதுமாக இருந்தது, டார்ச் தேவைப்படவில்லை. கால்வாய் சேரும் இடத்தில் ஆக்சிஜன் மீட்டரை விட்டால் எண் இறங்கிக்கொண்டே போகிறது. மீட்டர் பழுதா என்று சந்தேகம் வந்தால் இருக்கவே இருக்கிறது ரசாயனம் விட்டு ஆக்சிஜனை அளக்கும் விங்க்ளர் முறை. 300 மில்லி கண்ணாடி பாட்டிலைத் தண்ணீருக்குள்ளேயே குமிழி இல்லாமல் நிரப்பி, மாங்கனீஸ் சல்பேட்டும் அயோடைடு காரக் கரைசலும் விட்டு, மூடி, தலைகீழாக ஆட்ட வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகத் திரியும். அன்றைக்கு வெள்ளையாகத் திரிந்து அப்படியே அடியில் படிந்தது. வெள்ளை என்றால் ஆக்சிஜன் இல்லை என்று பொருள். சொட்டுச் சொட்டாகக் கரைசல் விட்டு அளவைக் கணக்கிடும் டைட்ரேஷன் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. அண்ணன் எட்டிப் பார்த்து, "பால் மாதிரி கீது, நல்லதா?" என்றார். என்ன சொல்வது?

மற்ற இடங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முகத்துவாரத்தில் பழுப்பு, நல்ல பழுப்பு. மின்நிலைய வெந்நீர் வந்து விழும் பக்கம் கையை விட்டாலே வித்தியாசம் தெரியும், தெர்மாமீட்டர் வெறும் சாட்சிக்குத்தான். வெள்ளைப் படிவு வந்த அதே கால்வாய் முனைக்குப் பிற்பகலில் மறுபடி போனபோது மீட்டர் 4 மி.கி.யைத் தாண்டிக் காட்டியது. மீன்வளத்துக்கு ஏற்ற தண்ணீர் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்திருக்கும் குறைந்தபட்ச அளவு லிட்டருக்கு அதே 4 மி.கி. அந்தப் பிற்பகல் எண்ணை மட்டும் அறிக்கையில் போட்டால் ஆறு தேர்ச்சி பெற்றுவிடும். எடுத்த நேரமும் ஏத்தமா வத்தமா என்ற குறிப்பும் இல்லாத ஆக்சிஜன் அளவை அன்றிலிருந்து நான் நம்புவதில்லை, யார் கொடுத்தாலும்.

—

மறுமொழி 1

நல்ல பதிவு. ஒரு சேர்க்கை: கழிமுகத்தில் மீட்டருக்கு உப்பின் அளவைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். 30 டிகிரியில் நன்னீர் சுமார் 7.5 மி.கி. ஆக்சிஜனைத் தாங்கும், கடல்நீர் 6.2 அளவுக்குத்தான். உப்புத் திருத்தம் போடாத மீட்டர் முகத்துவாரத்தில் கூடுதலாகக் காட்டிவிடும்.

நான் போனது 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படிந்த பிறகு. கண்டல் மரங்களில் எண்ணெய் எந்த மட்டம் வரை ஏறியது என்று கறுப்புக் கோடே சொன்னது. எண்ணெய் மாதிரிக்குக் கண்ணாடி பாட்டில்தான், பிளாஸ்டிக் ஆகாது. பாட்டிலை அந்தத் தண்ணீரில் அலசவும் கூடாது. அலசினால் எண்ணெய் சுவரில் ஒட்டிக்கொண்டு அளவு தப்பாகிவிடும். மூன்று முறை அலசிப் பழகிய கை, சும்மா இருக்கவே மாட்டேன் என்கிறது. உடன் வந்த மாணவரின் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

—

மறுமொழி 2

நான் படிப்பாளி இல்லை, அந்தப் பக்கத்துக் குப்பத்துக்காரன். எங்க அப்பா இடுப்புல பறியைக் கட்டிக்கினு, தண்ணில உக்காந்து கையால தடவியே இறால் புடிப்பாரு. அடில சேறு இருந்தாதான் இறால் பதுங்கும். இப்ப சேத்து மேல மின்நிலையத்து சாம்பல் படிஞ்சு கெட்டியா கெடக்குது, அதுக்கு மேல காக்கா ஆழின்னு ஒரு சிப்பி பாய் விரிச்ச மாதிரி மூடிக்கிச்சு. அது நம்மூரு ஆழி இல்ல, தென் அமெரிக்கா பக்கத்துலேர்ந்து வந்ததுன்னு காலேஜ் பசங்க சொன்னாங்க. கை வெச்சா கிழிக்குது. நீங்க தண்ணிய மட்டும் பாட்டில்ல எடுத்துக்கினு போறீங்க. அடிய யாரு எடுக்கறது?

—

பதிவர்

அண்ணா, கேள்வி சரி. அடிமண் எடுக்கும் கருவி எங்களிடம் இருக்கிறது, படகிலிருந்தே இறக்கலாம். ஆனால் சாம்பல் எங்கே தடிப்பு, எங்கே பழைய சேறு மிச்சம் என்று தெரியாமல் கண்ட இடத்தில் போட்டுப் பயனில்லை. உங்கள் அப்பா முன்பு இறால் பிடித்த இடங்களைக் காட்ட முடியுமா? அடுத்த அமாவாசை வத்தத்தில் வருகிறோம். ஏத்தவத்தம் அப்போது அதிகம், அடி நன்றாகத் தெரியும். கருக்கலிலேயே வந்துவிடுகிறோம்.