புதுப்பிப்பு: ‘தில் சே’ ஃபிளாக் கோப்பில் வித்தியாசம் தெரியாததன் காரணம்

போன வாரம் கேட்டிருந்தேன்: 1998-இல் வந்த ‘தில் சே’ படத்தின் இந்திப் பாடல்களை ஃபிளாக்கில் (ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் கோப்பு வகை) கேட்டும், ஒலியில் கொஞ்சத்தை வெட்டிச் சுருக்கும் பழைய எம்பி3-க்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லையே, கோளாறு எங்கே என்று.

காரணம் கிடைத்துவிட்டது. நீங்கள் சொன்னபடி ஸ்பெக்ட்ரோகிராம் (எந்தெந்த அதிர்வெண்ணில் ஒலி இருக்கிறது என்று காட்டும் படம்) போட்டுப் பார்த்தேன். 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தரித்த மாதிரி வெறும் கறுப்பு; எம்பி3-யாகச் சுருக்கும்போது வெட்டுப்படும் உச்ச ஒலிகள் அங்கே இல்லை. நண்பர் கொடுத்த அந்தக் கோப்பு, யாரோ எம்பி3-யை ஃபிளாக்காக மாற்றி வைத்தது. சுருக்கும்போது போன ஒலி திரும்ப வராது.

அப்புறம் அலமாரியில் இருந்த ஒரிஜினல் சிடியையே கணினியில் போட்டு எடுத்தேன்: 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், அதாவது சிடியில் உள்ள முழுத் தரம். புளூடூத் மறுபடியும் சுருக்கித்தான் அனுப்பும் என்பதால் ஒயர் ஹெட்ஃபோனில் கேட்டேன். ‘ஜியா ஜலே’யில் வரும் அந்த மலையாளக் கோரஸ் முன்பு ஒரே கூழாகக் கேட்டது. இப்போது குரல் குரலாகப் பிரிகிறது. லதா மங்கேஷ்கர் அடுத்த அடிக்கு மூச்செடுப்பது வரை காதில் விழுகிறது. அந்த இடத்தை மட்டும் நாலைந்து தடவை கேட்டேன்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். அதே சிடியிலிருந்து எடுத்த 320 கேபிபிஎஸ் (எம்பி3-யின் உச்சத் தரம்) எம்பி3-யையும் ஃபிளாக்கையும் மாற்றி மாற்றிப் போட்டால் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆனாலும் மீதிச் சிடிகளை ஃபிளாக்காகவே எடுக்கிறேன். அதிலிருந்து எம்பி3 எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.