புதுப்பிப்பு: பீடி சுற்றும் பெண்களின் நேர்காணல்களை நடித்துப் பார்த்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. குடியாத்தத்தில் பீடி சுற்றும் 12 பெண்களின் நேர்காணல்களில், பேச்சுக்கு நடுவே வரும் மௌனங்களை எப்படிப் புரிந்துகொள்வது என்று கேட்டிருந்தேன்.

கவிதையாக்கிப் பார்த்தேன், சரிவரவில்லை. என் குரல்தான் கேட்டது. தெருக்கூத்தில் கோமாளியாக வரும் கட்டியங்காரனை வைத்து நேர்காணல்களை நடிக்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. கூத்தில் அவன் யாரையும் இடைமறித்துக் கேட்கலாம் அல்லவா? பெயர்களை மாற்றி, சம்மதம் வாங்கி, அவர்கள் முன்னாலேயே நடித்தோம்.

எதிர்பாராதது: ஒரு மௌனத்துக்குக் காரணம் 'பயம்' என்று நான் குறித்திருந்த இடத்தில் கட்டியங்காரன், "ஏம்மா பேச்சு நின்னுபோச்சு?" என்றான். பார்த்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர், "பயமெல்லாம் இல்லப்பா, கட்டு எண்ணிக்கிட்டு இருந்தேன்" என்றார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. எண்ணிக்கை தவறக் கூடாது. அப்புறம் ஒலிப்பதிவுகளை மறுபடி கேட்டு, 5 இடங்களில் குறிப்பைத் திருத்தினேன்.