படத்தில் சதுரம் தெரிந்தால் போதுமா? எலியட் 754-ம் டயமண்ட் பிக்சலும்

#1 அளவுகோல்

பக்கத்துத் திரியில் க்ளெய்ம்சார்ட் போகிற போக்கில் ஒரு வரி போட்டுவிட்டுப் போயிருக்கிறார்: "டயமண்ட் பிக்சல் பேட்டன்டா? எலியட் 754 படத்தின்மேல் நாலு கோடு இழுத்தால் 102-லேயே காலி." அதற்கு லைக் மழை வேறு.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. டயமண்ட் பிக்சல் என்பது ஓஎல்ஈடி திரையில் நிறப்புள்ளிகளை அடுக்கும் ஒரு முறை. 102 என்பது அமெரிக்கப் பேட்டன்ட் சட்டப் பிரிவு: ஒரே பழைய ஆவணத்தில் எல்லாமே இருந்தால் புதுமை இல்லை என்று நிராகரிப்பது. சாம்சங் டிஸ்ப்ளேயின் அந்தப் பேட்டன்ட் குடும்பத்துக்கு 2012 கொரிய முன்னுரிமை, அதாவது முதல் தாக்கல் அங்கே, அப்போது. அமெரிக்காவில் 2020-ல் வந்த 10,854,683 அதில் ஒன்று. மாற்று ஸ்க்ரீன் இறக்குமதியை எதிர்த்து 2022 கடைசியில் சாம்சங் ஐடிசிக்கு (அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணையம்) போனதும் இதையெல்லாம் வைத்துத்தான். க்ளெய்மின் (உரிமை கோரும் வாசகத்தின்) உயிர் இவ்வளவுதான்: முதல் பிக்சலின் நடுப்புள்ளி ஒரு மெய்நிகர் சதுரத்தின் நடுப்புள்ளியோடு பொருந்த வேண்டும். இரண்டாவதன் நடுப்புள்ளி அந்தச் சதுரத்தின் ஒரு முனையில், மூன்றாவதன் நடுப்புள்ளி அடுத்த முனையில்.

முற்கலையாக, அதாவது முந்தைய ஆவணமாகக் காட்டப்படும் எலியட் பேட்டன்ட் 6,903,754 வந்தது 2005-ல். அதன் அப்ஸ்ட்ராக்ட் (முன்சுருக்கம்) சொல்வது: ஆய அச்சுகளின் ஆதிப்புள்ளியில் நீல எமிட்டர் (ஒளி உமிழும் பகுதி). இரண்டாம், நான்காம் கால்பகுதிகளில் ஒரு ஜோடி சிவப்பு. ஒன்றாம், மூன்றாம் கால்பகுதிகளில் ஒரு ஜோடி பச்சை. நீலத்தைச் சுற்றிச் சமச்சீர்.

கேள்வி ஒன்றே ஒன்று. சதுரம் எங்கே எழுதியிருக்கிறது?

#2 க்ளெய்ம்சார்ட்

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறீர்கள் சார். படத்தைப் பார்த்தால் ஐந்தாம் வகுப்புப் பையன் சொல்வான் சதுரம் என்று.

அமெரிக்கப் பேட்டன்ட் அலுவலகக் கையேடான எம்.பி.ஈ.பி-யில் 2125-ன் முதல் பாதி: க்ளெய்ம் கேட்கும் அமைப்பைப் படம் தெளிவாகக் காட்டினால், படமே போதும். விளக்கவுரையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாவிட்டாலும், எழுதியவர் நினைக்காமலே வரைந்திருந்தாலும் செல்லும். 1972-ன் ம்ராஸ் தீர்ப்பு. எக்ஸாமினர் தன் ஆக்‌ஷனில், அதாவது நிராகரிப்புக் கடிதத்தில், செய்வது ரொம்ப எளிது. படத்தை ஆக்‌ஷனில் ஒட்டி, நாலு எமிட்டரின் நடுவையும் புள்ளிக்கோட்டால் இணைத்து, "மேற்குறியிட்ட படம்" என்று கீழே எழுதுவார். அது "மெய்நிகர்" சதுரம். கண்ணாடியில் பொறித்த சதுரமா என்ன, படத்தில் இருந்தே தீர வேண்டும் என்பதற்கு?

#3 அளவுகோல்

அதே 2125-ன் இரண்டாம் பாதியை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? படம் அளவுக்கு வரைந்தது என்று ஆவணம் சொல்லாதபோது, அதிலிருந்து விகிதத்தை அளந்து எடுப்பதற்கு மதிப்பில்லை. 2000-ல் ஹாக்கர்சன்-ஹால்பர்ஸ்டாட், 1977-ல் ரைட் தீர்ப்புகள்.

இப்போது கணக்கு. சிவப்பு ஜோடி ஆதிப்புள்ளியைச் சுற்றிச் சமச்சீர், பச்சை ஜோடியும் சமச்சீர். இந்த இரண்டு வாசகத்திலிருந்தும் நாலு நடுப்புள்ளிக்குக் கிடைப்பது என்ன? இணைகரம். அச்சுகளைப் பொறுத்தும் சமச்சீர் என்று தாராளமாக வைத்துக்கொண்டால் செவ்வகம். சதுரம் வர வேண்டுமானால் கிடைமட்ட இடைவெளியும் செங்குத்து இடைவெளியும் ஒன்று என்று யாராவது சொல்ல வேண்டும். வாசகம் சொல்லவில்லை. உங்கள் ஐந்தாம் வகுப்புப் பையன்தான் சொல்கிறான், கையில் ஸ்கேலோடு.

சதுரம் எங்கே எழுதியிருக்கிறது?

#4 கேள்விக்குறி

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இந்த க்ளெய்மில் "பிக்சல்" என்பது ஒளி உமிழும் திறப்பா, அல்லது சர்க்யூட்டோடு சேர்ந்த முழு அலகா? "நடுப்புள்ளி" என்றால் பரப்பின் திணிவு மையமா? இதை முதலில் முடிவு செய்தால் பாதிச் சண்டை தீருமே.

#5 மாஸ்க்குமணி

ஸ்கேல் ஸ்கேல் என்று குதிக்கிறீர்களே, நிஜ எண்களைப் பாருங்கள். 2013-ன் கேலக்ஸி எஸ்4: 5 அங்குலம், 1920க்கு 1080, 441 பிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை பிக்சல்). 25.4 மி.மீ.யை 441-ஆல் வகுத்தால் 57.6 மைக்ரான். டயமண்டில் சிவப்பும் நீலமும் மாறி மாறி நிற்கிற சதுரத்தின் பக்கம் அதுதான். நடுவில் பச்சை. பச்சைக்கும் முனைக்கும் தூரம் 57.6-ஐ இரண்டின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 40.7 மைக்ரான்.

பேட்டன்ட் படத்தில் 4 செ.மீ. பக்கமுள்ள சதுரத்தில் ஸ்கேல் 1 மி.மீ. தப்பினால், பொருளில் அது 1.44 மைக்ரான். ஆர்கானிக் அடுக்கைப் படியவைக்கும் ஃபைன் மெட்டல் மாஸ்க்கின் (நுண்ணிய ஓட்டைகள் போட்ட தகட்டின்) தள்ளாட்டமே அதைவிட அதிகம். ஃபேப்பில் (தொழிற்சாலையில்) வராத துல்லியத்தைப் பழைய படத்தில் கேட்டால் எப்படி?

#6 அளவுகோல்

பட்டணத்துக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்கு விலை சொல்கிறார் மணி. தள்ளாட்டம் எவ்வளவு என்று யார் கேட்டது? எலியட் சதுரம் என்று சொல்கிறாரா என்பதுதான் கேள்வி.

சொன்னதும் தப்பு. நடுப்புள்ளி எங்கே விழும் என்று தீர்மானிப்பது மாஸ்க் இல்லை, பிடிஎல் (பிக்சல்களைப் பிரிக்கும் அடுக்கு) திறப்பு. ஆனோடின்மேல் பிடிஎல் பூசி, லித்தோவில் (ஒளியால் வடிவம் பதிக்கும் முறையில்) திறப்பு வெட்டுகிறார்கள். ஒளி வருவது அந்தத் திறப்பிலிருந்து மட்டும். மாஸ்க் ஓட்டை திறப்பைவிடப் பெரியது. அது ஒன்றிரண்டு மைக்ரான் நகர்ந்தாலும் திறப்பு மூடியிருக்கும் வரை உமிழும் பகுதி அசையாது. எல்லை தாண்டினால்தான் ஓரத்தில் உமிழ் அடுக்கு இல்லாமல் போகும், அல்லது பக்கத்து நிறம் ஏறிக் கலக்கும். பெயரில் மாஸ்க்கை வைத்துக்கொண்டு இது தெரியாமல் இருப்பது அழகில்லை.

#7 மாஸ்க்குமணி

லித்தோ தெரியாமல் இல்லை அய்யா. அந்தத் திறப்புகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று சொல்வது யார்? மாஸ்க். இன்வார் தகட்டின் தடிமன், ஓட்டையின் சரிவு, ஆவி சாய்ந்து விழும் நிழல், இத்தனையும் கூட்டித்தான் இடைவெளி வருகிறது. சிவப்பையும் நீலத்தையும் முனைகளுக்குத் தள்ளி, நடுவில் சின்னப் பச்சையைச் செருகியதே ஒரே நிறத்து மாஸ்க் ஓட்டைகளுக்கு நடுவே தகடு கிழியாமல் இருக்கத்தான். போன மாதம் 7டி1சி (ஏழு டிரான்சிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர் கொண்ட பிக்சல் சர்க்யூட்) திரியில் கெப்பாசிட்டரை எந்த முனையில் கட்டுவது என்று நீங்கள் அடித்த உளறலை நான் இன்னும் மறக்கவில்லை.

#8 அளவுகோல்

7டி1சி-யை இழுப்பீர்கள் என்று தெரியும். அங்கேயும் நான் சொன்னதுதான் சரி. இங்கே பேச்சு சதுரம்.

#9 க்ளெய்ம்சார்ட்

ஹாக்கர்சன் ஹாக்கர்சன் என்கிறீர்களே, அது என்ன வழக்கு என்று தெரியுமா? விளையாட்டுச் செருப்பின் அடிப்பாகத்தில் ஓடுகிற பள்ளம். அதன் அகலத்துக்குப் பேட்டன்ட்காரரே தன் சொந்தப் படத்தைக் காட்டி வாதாடினார், நீதிமன்றம் ஒப்பவில்லை. முற்கலையை வைத்து நிராகரிக்கிற வழக்கே இல்லை அது. செருப்பை எடுத்து டிஸ்ப்ளே தலையில் வைக்காதீர்கள்.

உங்களுக்கு வாசகம்தான் வேண்டுமா, இந்தாருங்கள். அதே அப்ஸ்ட்ராக்டின் கடைசி வாக்கியம்: நீலம் சதுர வடிவம், அதன் மூலைகள் அச்சுகளின்மேல். சிவப்பும் பச்சையும் பொதுவாகச் சதுர வடிவம், உள்நோக்கிய மூலை வெட்டப்பட்டு, அந்த விளிம்பு நீலத்தின் பக்கத்துக்கு இணை. சதுரத்தின் மூலைகள் அச்சில் நின்றால் பக்கங்கள் 45 பாகை. வெட்டும் 45 பாகை. ஒரு மூலையைச் சமமாக வெட்டிய சதுரத்தின் நடு, மூலைவிட்டத்தில்தான் விழும். இன்னும் என்ன வேண்டும், தாம்பூலமா?

#10 அளவுகோல்

மூலைவிட்டம் யாருடையது? அந்தச் சின்ன எமிட்டரின் சொந்த மூலைவிட்டம். அது ஆதிப்புள்ளி வழியாகப் போக வேண்டும் என்று எந்த வரி சொல்கிறது? அச்சிலிருந்து கிடைமட்டமாக 30, செங்குத்தாக 25 தள்ளி வைத்தாலும் வெட்டு விளிம்பு 45 பாகையாகவே இருக்கும், நீலத்துக்கு இணையாகவே இருக்கும், ஆதியைச் சுற்றிச் சமச்சீராகவும் இருக்கும். நாலையும் இணைத்தால் 60க்கு 50 செவ்வகம்.

நீங்கள் காட்டியது எமிட்டரின் வடிவம் சதுரம் என்று. நான் கேட்டது எமிட்டர்களின் நடுப்புள்ளிகள் சேர்ந்து சதுரமா என்று. தோசை வட்டம் என்பதால் தோசைக்கடை மேசைகளும் வட்டமாகப் போட்டிருக்கிறது என்று ஆகுமா?

செருப்பு வழக்கைப் பற்றி: 2125-ல் முற்கலைப் படங்களுக்காக அதை மேற்கோள் காட்டுவது அமெரிக்க அலுவலகமே. சண்டை போட வேண்டுமானால் அவர்களோடு போடுங்கள். ஐரோப்பாவில் டி 204/83 தீர்ப்பும் அதே பாட்டு: வரைபடத்தை வெறுமனே அளந்து எடுத்த அளவு, வெளிப்படுத்தலின் பகுதி அல்ல.

#11 நீலம்பெரிசு

இரண்டு பேரும் சதுரத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள். எண்ணிக்கையை யாரும் எண்ணவில்லை.

கோலத்தில் சொன்னால், மூன்று நிறமும் வரிசையாக நிற்கும் ஆர்ஜிபி பட்டை நேர்ப்புள்ளி, டயமண்ட் இடைப்புள்ளி. டயமண்டில் ஒவ்வொரு முனையையும் நாலு சதுரங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒரு சதுரத்துக்கு நடுவில் ஒரு பச்சை. நாலு முனையும் கால் கால் பங்காகச் சேர்ந்து அரைச் சிவப்பு, அரை நீலம். ஆக பச்சை, சிவப்பு, நீலம் 2:1:1. எலியட்டின் ஐந்து எமிட்டர் கட்டத்தில் முனைகள் பங்கீடு ஆவதில்லை. நீலம் ஒன்று, சிவப்பு இரண்டு, பச்சை இரண்டு.

"நிறத்தை மாற்றிப் போட்டால் முடிந்தது" என்பவர்கள் மாற்றிப் பாருங்கள். நீலம் இருந்த இடத்தில் பச்சையை வைத்தால் பச்சை ஒன்று, நீலம் இரண்டு, சிவப்பு இரண்டு. கண்ணுக்குக் கூர்மை தருவது பச்சை, நீலம் கிட்டத்தட்ட ஒன்றுமே தருவதில்லை. எலியட் நீலத்தைக் குறைத்ததே அதற்காக. பெயரை மட்டும் மாற்றினால் அந்த நோக்கமே தலைகீழ். எந்தத் துறைக்காரன் அதைச் செய்வான்? 102 போகட்டும், துறைக்காரனுக்கு இது வெளிப்படை என்று நிராகரிக்கும் 103-க்கே தூண்டுதல் கிடையாது.

எஸ்4-ல் 41,47,200 துணைப்பிக்சல் (தனி நிறப்புள்ளி), பட்டை அமைப்பாக இருந்திருந்தால் 62,20,800. அந்தச் சேமிப்பு வருவதே முனைப் பங்கீட்டால்.

#12 க்ளெய்ம்சார்ட்

கோலப் போட்டி மார்கழியில், அப்போது வாருங்கள். முதல் பிக்சல், இரண்டாவது பிக்சல் என்று எழுதிய வாசகத்துக்குள் பச்சையையும் நீலத்தையும் நீங்களாகக் கொண்டுவந்து வைக்கக் கூடாது. நிறமே சொல்லாத க்ளெய்மை எந்த நிறமும் அடிக்கும்.

103-க்கு வந்தாலும் எனக்குக் கவலையில்லை. உறுப்புகளை இடம் மாற்றுவதற்கு ஜாப்பிக்ஸே தீர்ப்பு, 1950. வடிவ மாற்றத்துக்கு டெய்லி, 1966. நீலத்தின் ஆயுள் குறைவு, அதைப் பெரிதாக்கி மின்னோட்ட அடர்த்தியைக் குறைக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

#13 அளவுகோல்

மக்களே கவனிக்க: "102-லேயே காலி" என்றவர் இப்போது 103-ல் ஜாப்பிக்ஸேயின் வேட்டியைப் பிடித்துத் தொங்குகிறார்.

102-க்கு எல்லாக் கூறும் ஒரே ஆவணத்தில் இருந்தால் மட்டும் போதாது, க்ளெய்மில் உள்ள அதே அடுக்கில் இருக்க வேண்டும். நெட் மனிஇன் (Net MoneyIN) தீர்ப்பு, 2008. அடுக்கே சதுரம். சதுரம் இல்லை.

இப்படிக் கோடு போட்ட படத்தோடு ஆக்‌ஷன் வந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன், லைக் போட்டவர்களுக்கு உதவும். முதலில் எது ஆவணத்தின் கோடு, எது எக்ஸாமினர் இழுத்த கோடு என்று பிரித்து, பதிலின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். அடுத்து மூல ஆவணம் முழுவதிலும் அளவு பற்றிய வாசகம் உண்டா என்று தேடுங்கள். "தெளிவுக்காகப் பெரிதாக்கப்பட்டது" என்று ஒரு வரி இருந்தால் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. பயந்துபோய் "சதுரம்" என்பதை "ஏறத்தாழ சதுரம்" என்று திருத்தாதீர்கள். செவ்வகத்தையும் நீங்களே உள்ளே கூப்பிட்ட மாதிரி ஆகும். ஏதாவது சேர்த்தே ஆக வேண்டும் என்றால் பரப்பு வரிசையையோ முனைப் பங்கீட்டையோ சேருங்கள், அதுவும் முதலில் தாக்கல் செய்த விளக்கவுரையில் ஆதாரம் இருந்தால் மட்டும். இல்லையென்றால், ஆதாரமில்லாத சேர்க்கையைத் தடுக்கும் 112-ம் பிரிவில் அடி விழும். மூன்று மாதத்துக்குள் பதில், கட்டணம் கட்டினால் ஆறு வரை நீளும். அதற்குள் ஒரு இன்டர்வியூ கேட்டு வாங்கி, கோட்டை யார் போட்டது என்று நேருக்கு நேர் கேளுங்கள். பாதி எக்ஸாமினர்கள் அங்கேயே 103-க்குத் தாவுவார்கள். இங்கே ஒருவர் தாவின மாதிரி.

#14 தனித்தமிழன்

பிக்சல், எமிட்டர், க்ளெய்ம், மாஸ்க். தமிழில் எழுதுகிறோம் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இல்லையா? படவணு, உமிழி, உரிமைக்கோரிக்கை, மறைதகடு.

#15 மாஸ்க்குமணி

மறைதகடா? மறைப்பதற்கில்லை அய்யா, ஓட்டை வழியாக விடுவதற்கு. சொல் உண்டாக்கும்போதாவது பொருளைப் பாருங்கள்.

#16 தனித்தமிழன்

ஓட்டை இல்லாத இடத்தில் மறைக்கிறதா இல்லையா? அதனால் மறைதகடு.

#17 கேள்விக்குறி

மறுபடியும் கேட்கிறேன். மூலை வெட்டிய சதுரத்தின் நடுப்புள்ளி எது? வெட்டுவதற்கு முந்தைய சதுரத்தின் நடுவா, வெட்டிய பின் பரப்பின் மையமா? இரண்டும் ஒரே இடம் இல்லை. மையம் வெளிப்பக்கம் நகரும். இதைச் சொல்லாமல் எதை எதோடு பொருத்துகிறீர்கள்? அப்ஸ்ட்ராக்டைத் தாண்டி முழு விளக்கவுரையையும் இங்கே யாராவது படித்தீர்களா?

#18 க்ளெய்ம்சார்ட்

படிப்பது இருக்கட்டும், முதலில் தேடத் தெரிய வேண்டும். எலியட்டை விட்டுத்தள்ளுங்கள். பேட்டன்ட் வகைப்பாட்டில் எச்10கே 59/353-ல் உட்கார்ந்து நிறத் துணைப்பிக்சல்களின் இடஅமைப்பை ஒரு மணி நேரம் புரட்டினால், சதுரம் சதுரமாகக் கொட்டும்.

#19 நீலம்பெரிசு

353 மட்டும் போட்டால் பரப்பு வேறுபாடு தப்பிப்போகும், அது 352. சர்க்யூட்டுக்குள் ஒளிந்திருப்பவை ஜி09ஜி பக்கம். ஜப்பான் ஆவணங்களுக்கு அவர்களுடைய தேடல் குறியீடான எஃப்-டெர்ம் 3கே107 போடாமல் தேடினேன் என்று சொல்பவர் தேடவே இல்லை. 59/353 என்பதே 2023-ல் வந்த எண். அதற்கு முந்தைய ரிப்போர்ட்களில் எச்01எல் 27/3218 என்று இருக்கும். அதையும் தெரியாமல் புரட்டுகிறாராம்.

#20 க்ளெய்ம்சார்ட்

பழைய ஆவணங்களுக்கும் சிபிசி வகைப்பாட்டில் புது எண் போட்டுவிட்டார்கள். எனக்குப் பாடம் வேண்டாம்.

#21 அளவுகோல்

கொட்டும் என்றால் கொட்டுங்கள். ஒரே ஒரு ஆவண எண், ஒரே ஒரு பத்தி எண். மேற்குறியிட்ட படம் வேண்டாம். சதுரம் எங்கே எழுதியிருக்கிறது?

#22 க்ளெய்ம்சார்ட்

படத்தைப் பாருங்கள்.

#23 மாஸ்க்குமணி

7டி1சி திரியின் இணைப்பைத் தேடி எடுத்துவிட்டேன். ராத்திரி இங்கே ஒட்டுகிறேன், எல்லாரும் படியுங்கள்.