டிகேஏ (இன்சுலின் போதாமல் ரத்தத்தில் கீட்டோன் என்னும் அமிலம் சேரும் நிலை) வந்தால் இன்சுலின் ஆர்டர் ஆளுக்கு ஒரு விதம். உங்கள் ஐசியுவில் எப்படி?

நைட் டியூட்டி:
எங்கள் ஐசியுவில் மூன்று சீஃப். டிகேஏ கேஸ் வந்தால் ஒருவர் கிலோவுக்கு மணிக்கு 0.1 யூனிட் எழுதுவார், இன்னொருவர் எடையே பார்க்காமல் மணிக்கு 6 யூனிட், மூன்றாமவர் சுகர் 250க்கு வந்ததும் இன்சுலின் பம்பை நிறுத்தச் சொல்வார். போன வாரம் அப்படி நிறுத்திய ஒரு பையனுக்கு விடியற்காலையில் திரும்பவும் மூச்சு வாங்கியது, ஏபிஜியில் (தமனி ரத்தப் பரிசோதனையில்) பிஎச் 7.12, மறுபடி அமிலம். பொதுவாக ஒரு சிகிச்சைமுறைத் தாள் அடித்து ஒட்டலாம் என்றால் "நோயாளிக்கு நோயாளி மாறும்மா" என்கிறார்கள். தாள் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

மயக்க மருந்துக்காரன்:
சுகர் இறங்கினால் டிகேஏ போய்விட்டதாக ஆகாது டாக்டர், கீட்டோன் அடங்கும்வரை இன்சுலின் ஓடியாக வேண்டும். எங்கள் தாளில் சுகர் 250 வந்ததும் டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் டிரிப்) சேர்த்து இன்சுலினைக் கிலோவுக்கு மணிக்கு 0.05 யூனிட் ஆக்குவோம். பிஎச் 7.3, பைகார்ப் (ரத்தத்தின் பைகார்பனேட்) 18 தாண்டி, ஆள் சாப்பிட ஆரம்பித்தபிறகு தோலடி ஊசி, அதைப் போட்டு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத்தான் பம்பை எடுப்போம். முதல் வரியே பொட்டாசியம்: 3.5க்குக் கீழே என்றால் இன்சுலின் தொடங்காதே. கிட்னி, ஹார்ட் கேஸ்களில் சலைன் அளவை மாற்ற ஒரு காலிக் கட்டம் உண்டு, மாற்றுகிறவர் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து என்றதும் பாதிப் பேருக்கு மாற்றத் தோன்றவில்லை, அது தனிக் கதை.

பழைய சிஸ்டர்:
தாள் இருக்கட்டும், பம்பில் ஏறுவதைப் பாருங்கள். நம் ஊர் இன்சுலின் குப்பி மில்லிக்கு 40 யூனிட். 50 யூனிட்டை 50 மில்லியாகக் கலக்க 1.25 மில்லி எடுக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்குப் புதுப் பிள்ளை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில், அதாவது மில்லிக்கு 100 யூனிட் இன்சுலினுக்கான சிரிஞ்சில், 50 கோடுவரை இழுத்தால் உள்ளே போவது 20 யூனிட்தான். சுகர் இறங்கவில்லை, டோஸை ஏற்று என்பார் டாக்டர். அடுத்த சிரிஞ்சை நான் சரியாகக் கலந்து அதே வேகத்தில் விட்டால் சடாரென்று இறங்கும்! எங்கள் வார்டில் 40க்கான சிவப்பு மூடி தவிர வேறு வைக்க விடுவதில்லை. அப்புறம், இன்சுலின் குழாய்ச் சுவரில் ஒட்டும், கொஞ்சம் ஓடவிட்டுக் கொட்டிய பிறகே நோயாளிக்கு மாட்டுங்கள்.

கடல் கடந்தவன்:
நான் இருப்பது இங்கிலாந்தில். இங்கே ஜேபிடிஎஸ் (இங்குள்ள நீரிழிவு மருத்துவ அமைப்புகளின் கூட்டுக் குழு) வழிகாட்டி, அதே 0.1தான், ஆனால் நாங்கள் துரத்துவது ரத்தக் கீட்டோனை. அது மணிக்கு லிட்டருக்கு 0.5 மில்லிமோல் குறையவில்லை என்றால் முதலில் பம்ப், லைன் பார்ப்போம், அப்புறம்தான் வேகத்தை ஏற்றுவோம். வழக்கமாகப் போடும் நீண்டநேர இன்சுலினையும் நிறுத்துவதில்லை. கீட்டோனுக்கு யூரின் ஸ்டிரிப்பை நம்பி ஓட்டாதீர்கள், ஆள் தேறிய பிறகும் அது பிளஸ் காட்டிக்கொண்டிருக்கும். இன்னொன்று, டாபாகிளிஃப்ளோசின் (சுகரைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரை) சாப்பிடுபவருக்கு சுகர் 180 இருந்தாலும் டிகேஏ வரும், அவருக்கு டெக்ஸ்ட்ரோஸ் ஆரம்பத்திலிருந்தே ஓட வேண்டும். ஆகவே தாளின் தலைப்பில் "சுகர் 250க்கு மேல்" என்று போட்டுவிடாதீர்கள்.

நைட் டியூட்டி:
சிஸ்டர், இப்போதுதான் ட்ரேயைத் திறந்து பார்த்தேன். சிவப்பும் ஆரஞ்சும் கலந்து கிடக்கின்றன.